ஜான் பிரவுனிங்: ஆக்டன் பட்டறையிலிருந்து வந்த ரைஃபிள்கள்

ஒரு பொருளை டிசைன் செய்தவர் இறந்து நூறு வருஷம் ஆகப்போகுது. அவர் செய்த பொருள் இன்னும் வேலை செய்யுது. அதை வைத்திருப்பவர்கள் அதற்குத் தேவையான தோட்டாவைத் தங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்துகொள்கிறார்கள். கடையில் கிடைக்காது என்பதால் மட்டும் இல்லை. கடையில் கிடைப்பதைப் போட்டால் சில நேரம் துப்பாக்கியே வெடித்துவிடலாம் என்பதாலும்தான்.

அப்படிப்பட்ட பழைய வேட்டை ரைஃபிள்களைச் சேகரிப்பவர்களிடம் யார் பெயரை அதிகம் கேட்கலாம் என்றால், ஜான் மோசஸ் பிரவுனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊர்க்காரர். டிகிரி கிடையாது, இன்ஜினியரிங் கல்லூரி வாசலையே மிதித்ததில்லை. ஆனால் 128 காப்புரிமைகள். மெக்கானிக்கல் படிக்கும் நண்பர்கள் இவர் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சிவில், சிஎஸ்ஸி நண்பர்களும் படிக்கலாம். ஏன் என்று நடுவில் புரியும்.

அப்பாவின் பட்டறை

ஜான் பிறந்தது 1855 ஜனவரியில். அப்பா ஜோனதன் பிரவுனிங் துப்பாக்கி செய்யும் கொல்லர். மார்மன் மதத்தில் சேர்ந்து, அந்த மக்களோடு மேற்கு நோக்கிப் புலம்பெயர்ந்து, 1852-ல் ஆக்டனில் குடியேறியவர். மூன்று மனைவிகள், 22 குழந்தைகள். அவ்வளவு பெரிய குடும்பத்துக்குச் சோறு போட்டது ஒரு சின்னப் பட்டறை. துப்பாக்கி மட்டும் இல்லை, ஊரில் எது உடைந்தாலும் அங்கேதான் வரும்.

பள்ளிக்கூடத்தைவிட இந்தப் பட்டறையில்தான் ஜான் வளர்ந்தார். ஒரு மூலையில் குவிந்து கிடந்த உடைந்த பாகங்கள்தான் அவருக்கு விளையாட்டுச் சாமான். இந்த ஸ்பிரிங் எதிலிருந்து வந்தது, இந்தச் சுத்தியல் ஏன் தேய்ந்தது என்று பார்த்துப் பார்த்தே பாகங்களின் பெயரைக் கற்றார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே இது நடந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள்.

பத்து வயதில் முதல் துப்பாக்கி. குப்பையில் கிடந்த ஒரு பழைய குழல், கோடாலியால் செதுக்கிய ஒரு மரக்கட்டை, இரண்டையும் சேர்த்துக் கட்ட கம்பி. சுடும் விசை கிடையாது. கரிமருந்துக்கு நெருப்பு வைக்க, தம்பி மேத்யூ ஒரு தகர டப்பாவில் கங்கு வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். ரெண்டு பேரும் காட்டுக்கோழி வேட்டைக்குப் போனார்கள். சுட்ட வேகத்தில் ஜான் பின்னால் விழுந்தார். ஆனால் கோழி கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா திட்டவில்லை. அந்த வயதுக்கு இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்று வேலைத்தரத்தைத்தான் குறை சொன்னார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பார். இது மறக்கவில்லை.

25 டாலர் ரைஃபிள்

1879 ஜானுக்குப் பெரிய வருஷம். ஏப்ரலில் ரேச்சலுடன் கல்யாணம். ஜூனில் அப்பா மறைந்தார். அக்டோபரில் முதல் காப்புரிமை கிடைத்தது. வயது 24.

அந்தக் காப்புரிமை ஒரு ஒற்றைத்தோட்டா ரைஃபிளுக்கு. இதன் அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். தோட்டா வெடிக்கும்போது அதன் பின்பக்கத்தில் விழும் அழுத்தத்தை எதாவது ஒன்று தாங்க வேண்டும். ஜான் செய்தது, கனமான ஒரு எஃகுக் கட்டை. கீழே இருக்கும் லீவரை இறக்கினால் கட்டை நேராகக் கீழே இறங்கும், குழலின் வாய் திறக்கும், தோட்டாவைப் போடலாம். லீவரை ஏற்றினால் கட்டை மேலே வந்து, இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே பூட்டிக்கொள்ளும். கிணற்று மதகுப் பலகை மேலும் கீழும் போகிற மாதிரிதான். எளிமை. ஆனால் அந்த எளிமையில்தான் பலம் இருக்கிறது, ஏனென்றால் விசை நேராக எஃகுச் சுவர் மேல் போய்விடுகிறது.

அப்பா போன பிறகு ஜானும் தம்பிகளும் சேர்ந்து ஒரு சின்னத் தொழிற்சாலை கட்டினார்கள். மேத்யூ கணக்கு வழக்கு. எட், சாம், ஜார்ஜ் என்ற மற்றத் தாய் வயிற்றுத் தம்பிகள் மெஷின் வேலை. ஃபிராங்க் ரஷ்டன் என்ற ஆங்கிலேயர் ஒருவர் வந்து மெஷின்களை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ரைஃபிள் விலை 25 டாலர். மொத்தமாகச் செய்தது சுமார் 600 தான். இன்று அந்த 600-ல் ஒன்று கையில் இருந்தால் சேகரிப்பாளர் தூங்கவே மாட்டார், அவ்வளவு அரிது.

ஜானுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்வது அவருக்குச் சலிப்பு. அடுத்த ஐடியா மண்டையில் ஓடும்போது கை பழையதை அரம் போட்டுக்கொண்டிருக்கும். தொழிற்சாலை முதலாளியாக இருப்பதா, புதுசு புதுசாகக் கண்டுபிடிப்பதா என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது.

வின்செஸ்டர் வீடு தேடி வந்தது

1883-ல் அந்தக் கேள்விக்குப் பதில் ரயில் ஏறி வந்தது. ஆக்டன் ரைஃபிள் ஒன்று, யாரோ பயன்படுத்திய பழைய சரக்கு, வின்செஸ்டர் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் கண்ணில் பட்டது. அவர் அதை வாங்கிக் கிழக்கே கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். வின்செஸ்டர் அப்போது அமெரிக்காவின் பெரிய ரைஃபிள் கம்பெனி. ஆனால் அவர்களுடைய லீவர் ரைஃபிள்கள் பலம் குறைந்த தோட்டாக்களுக்கு மட்டுமே சரிப்பட்டு வந்தன. இந்தக் கிராமத்துப் பட்டறைச் சரக்கு அவர்களுடையதைவிடப் பலமாக இருந்தது.

கம்பெனியின் பெரிய அதிகாரி டி.ஜி. பென்னட் நேரிலேயே ஆக்டனுக்கு வந்துவிட்டார். வந்து பார்த்தது, தச்சுப்பட்டறை சைஸில் ஒரு இடமும் இருபது சொச்சம் வயதுப் பையன்களும். பேரம் நடந்தது. 8,000 டாலருக்கு அந்த ஒற்றைத்தோட்டா ரைஃபிளின் உரிமை கைமாறியது. அதுதான் வின்செஸ்டர் மாடல் 1885 ஆனது.

இந்த ஒப்பந்தத்தின் தன்மையைக் கவனிக்கணும். மொத்தத் தொகை, ஒரே தடவை, அவ்வளவுதான். பின்னால் கம்பெனி ஆயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும் ஜானுக்கு ஒரு சல்லிக்காசு கூடுதலாக வராது. அப்போது அது அவருக்கு நல்ல டீலாகத்தான் தெரிந்தது. தொழிற்சாலைத் தலைவலி போச்சு, கையில் பணம், அடுத்த ஐடியாவுக்கு நேரம். அடுத்த பத்தொன்பது வருஷம் இதே முறைதான் நடந்தது.

பத்து வருஷத்தில் நான்கு ரைஃபிள்

1884-லேயே ஜானுக்கு லீவர் ரைஃபிள் ஒன்றுக்குக் காப்புரிமை கிடைத்தது. அது மாடல் 1886. பழைய வின்செஸ்டர் ரைஃபிள்களில் தோட்டாவின் அழுத்தத்தை மடங்கும் இணைப்புகள் தாங்கின; முழங்கால் மாதிரி. ஜான் அதை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் மேலும் கீழும் நகரும் இரண்டு எஃகுத் தாழ்ப்பாள்களை வைத்தார். அதனால் .45-70 போன்ற பெரிய தோட்டாக்களையும் லீவர் ரைஃபிளில் வேகமாகச் சுட முடிந்தது.

மாடல் 1892 வந்த கதை இன்னும் சுவாரசியம். அதே 1886-ஐச் சின்னத் தோட்டாவுக்குச் சுருக்கித் தரணும், சீக்கிரம் வேணும் என்று பென்னட் கேட்டார். மாசக்கணக்கில் அவகாசம் தருவதாகவும் சொன்னார். ஜான் 30 நாளில் தருவதாகவும், ஒரு நாள் தள்ளினாலும் இலவசமாகக் கொடுத்துவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தாராம். கெடுவுக்குள் மாதிரி நியூ ஹேவன் போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்கும் அவர் வரைபடம் போட்டு வேலை செய்பவர் இல்லை. மனசிலேயே முழு மெக்கானிசத்தையும் ஓட்டிப் பார்ப்பார். பிறகு தகட்டில் அச்சு வெட்டி, தம்பி எட்டிடம் இதை மில் செய், அதை அரம் போடு என்று பக்கத்தில் நின்று சொல்வார். நாம் கேட் சாஃப்ட்வேரில் அசெம்பிளி போட்டு இன்டர்ஃபரன்ஸ் செக் செய்வதை அவர் மண்டைக்குள் செய்தார்.

பிறகு வந்ததுதான் மாடல் 1894. இங்கேதான் நம் கதையின் மையமே இருக்கிறது. அதற்குத் துப்பாக்கி மருந்து பற்றிக் கொஞ்சம் தெரியணும்.

மருந்து மாறிய காலம்

அதுவரை உலகம் முழுக்கக் கரிமருந்துதான். சுட்டால் வெள்ளைப் புகை மூட்டம், குழலுக்குள் கரிப்பிசின், உடனே கழுவாவிட்டால் துரு. 1884-ல் பிரான்ஸில் பால் வியேய் என்ற வேதியியலாளர் நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாக வைத்துப் புகையில்லா மருந்தைச் செய்தார். அதே எடைக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல். புகை மிகக் குறைவு. ஆனால் அழுத்தமும் எகிறும்.

பழைய அமெரிக்கத் தோட்டாக்களின் பெயரிலேயே மருந்தின் கணக்கு இருக்கிறது. .45-70 என்றால் குண்டின் விட்டம் 0.45 அங்குலம், உள்ளே 70 கிரெயின் கரிமருந்து. ஒரு கிரெயின் என்பது சுமார் 0.065 கிராம். .38-55, .32-40 எல்லாம் இதே கணக்குதான். மாடல் 1894 முதலில் வந்தது இந்தக் கரிமருந்துத் தோட்டாக்களுக்குத்தான். மறுவருஷம் 1895-ல் வின்செஸ்டர் நிக்கல் எஃகுக் குழல் போட்டு, அதே ரைஃபிளில் .30-30 தோட்டாவைக் கொண்டுவந்தது. இதில் இரண்டாவது 30 என்பது புகையில்லா மருந்தின் அளவு. அமெரிக்காவில் புகையில்லா மருந்துக்கென்றே வந்த முதல் சிறுவிட்ட வேட்டைத் தோட்டா இது. ஜானின் அமைப்பு கரிமருந்துக் காலத்தில் பிறந்தாலும் புது மருந்தையும் தாங்கியது. அந்த ரைஃபிள் நியூ ஹேவனில் 2006 வரை தயாரானது. 70 லட்சத்துக்கு மேல் விற்றது.

மாடல் 1895-ஐயும் சொல்லிவிடுகிறேன். லீவர் ரைஃபிள்களில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி அதில் நிற்கும். இதில் கூர்முனைக் குண்டு போட்டால் அந்த முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு அதிர்ச்சி போதும், உள்ளேயே வெடிக்கும். அதனால் தட்டைமுனைக் குண்டுதான் போடணும். 1895-ல் ஜான் குழாயை எடுத்துவிட்டு, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை வைத்தார். பிரச்சினை தீர்ந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோன ரைஃபிள்களில் இதுவும் ஒன்று.

புல் சாய்ந்தது

1889-ல் ஊரில் ஒரு துப்பாக்கி சுடும் போட்டி. யாரோ ஒருவர் சுடும்போது குழல் வாய்க்கு முன்னால் இருந்த செடிகள் காற்றில் சாய்ந்ததை ஜான் பார்த்தார். எல்லாரும் எத்தனையோ தடவை பார்த்த விஷயம்தான். அவருக்கு மட்டும், இவ்வளவு ஆற்றல் வீணாகப் போகிறதே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, நடுவில் ஓட்டை போட்ட இரும்புத் தகட்டைக் குழல் வாய்க்கு முன்னால் வைத்துச் சுட்டுப் பார்த்தார். குண்டு ஓட்டை வழியாகப் போனது. பின்னால் வந்த வாயு தகட்டைத் தூக்கி எறிந்தது. அந்த விசையை ஒரு தண்டு வழியாகப் பின்னால் கொண்டுவந்து லீவரை இயக்க வைத்தார். வாயுவால் இயங்கும் தானியங்கித் துப்பாக்கி அப்படித்தான் அவர் கையில் பிறந்தது. அதைக் கோல்ட் கம்பெனி 1895-ல் இயந்திரத் துப்பாக்கியாக வெளியிட்டது.

வேட்டைக்காரர்களுக்காக வேலை செய்துகொண்டிருந்தவர் ராணுவங்களுக்காக வேலை செய்யத் தொடங்கியது இங்கிருந்துதான். இதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

மறுத்த நாள்

வின்செஸ்டர் ஜானிடம் வாங்கிய டிசைன்கள் ஏராளம். ஆனால் அதில் பலவற்றை அவர்கள் தயாரிக்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்தார்கள். ஏன்? போட்டிக் கம்பெனி கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். பணம் வந்துவிட்டது என்பது வேறு. தான் செய்த ஒன்று யார் கைக்கும் போகாமல் இருட்டில் கிடக்கிறது என்பது வேறு. பிராஜெக்ட் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

1900-ல் ஜானுக்குத் தானியங்கிப் பறவைவேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்குக் காப்புரிமை கிடைத்தது. சுட்டவுடன் குழலும் பூட்டும் சேர்ந்து முழுத் தூரமும் பின்னால் வந்து, பிறகு பிரிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதுவரை செய்ததிலேயே கஷ்டமான வேலை இதுதான் என்று அவரே நினைத்தார். வின்செஸ்டர் இழுத்தடித்தது. இந்த முறை ஜான் மொத்தத் தொகை வேண்டாம் என்றார். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ராயல்டி வேண்டும் என்றார். பென்னட் முடியாது என்றுவிட்டார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டி வரும் என்பது கம்பெனியின் பயம். பத்தொன்பது வருஷ உறவு அந்த அறையிலேயே முடிந்தது.

ஜான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போட்டியாளரான ரெமிங்டனிடம் போனார். 1902 ஜனவரி 8. தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைப் பார்க்க வெளியே காத்திருக்கும்போதே, அவர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் போய் வின்செஸ்டரிடம் சமாதானம் பேசியிருப்பார்கள். ஜான் கப்பல் ஏறி பெல்ஜியம் போனார். லியேஜ் நகருக்குப் பக்கத்தில் இருந்த எஃப்.என். கம்பெனிக்கு அவர் ஏற்கெனவே ஒரு கைத்துப்பாக்கி கொடுத்திருந்தார். அவர்கள் ராயல்டிக்கு ஒத்துக்கொண்டார்கள். அதுதான் ஆட்டோ-5. பின்னால் ரெமிங்டனும் அமெரிக்காவில் தயாரிக்க உரிமம் வாங்கியது. 1990-கள் வரை அது உற்பத்தியில் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜானின் காப்புரிமை விண்ணப்பங்களை அந்தக் காலத்தில் தயாரித்துக் கொடுத்ததே வின்செஸ்டர் ஆட்கள்தான். ஓட்டை உடைசல் இல்லாமல் எழுதிவிட்டார்கள். பின்னால் தங்களுக்கென்று ஒரு தானியங்கித் துப்பாக்கி செய்ய வந்தபோது, அவர்களே எழுதிய வேலியை அவர்களாலேயே தாண்ட முடியவில்லை. அவர்களுடைய மாடல் 1911-ல் பூட்டை இழுக்கக் கைப்பிடி கிடையாது. குழலையே பிடித்துத் தள்ள வேண்டும். தோட்டா சிக்கிய நேரத்தில் துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக் குழலைத் தள்ளியவர்களுக்கு நேர்ந்த விபத்துகளால் அதற்கு விதவையாக்கி என்ற பட்டப்பெயர் வந்தது. காப்புரிமைச் சட்டம் நமக்கு வெறும் இரண்டு கிரெடிட் எலெக்டிவ்வாகத் தெரியலாம். இங்கே அது உயிர்ப் பிரச்சினை ஆனது.

போரும் கடைசி நாட்களும்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அவர்களிடம் சரியான இயந்திரத் துப்பாக்கி இல்லை. ஜான் தன் இயந்திரத் துப்பாக்கியையும், ஒரு ஆள் தூக்கிச் சுடும் தானியங்கி ரைஃபிளையும் கொடுத்தார். இங்கே அவர் ராயல்டி பேசவில்லை. அரசு சொன்ன 7,50,000 டாலரை வாங்கிக்கொண்டார். துப்பாக்கிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டிருந்தால் அது பல மடங்கு வந்திருக்கும். வின்செஸ்டரிடம் விட்டுக்கொடுக்காதவர் இங்கே விட்டுக்கொடுத்தார். அவர் மகன் வால் பிரவுனிங் ராணுவ அதிகாரியாகப் பிரான்ஸில் அந்த ரைஃபிளைப் படைகளுக்கு இயக்கிக் காட்டினார்.

அந்தப் போருக்குத் தீ வைத்த 1914 சரயேவோ கொலையில் பயன்பட்டதும் எஃப்.என். தயாரித்த அவருடைய 1910 மாடல் கைத்துப்பாக்கிதான். காட்டுக்கோழி அடிக்கக் கம்பியால் கட்டிய குழலில் ஆரம்பித்த கை, எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். அவர் தீயவர் என்று சொல்ல வரவில்லை. அவரை வெறும் மேதை என்று மட்டும் கொண்டாடிவிட்டு நகரவும் முடியவில்லை. நாம் செய்து கொடுக்கும் மெக்கானிசத்துக்கு, அதை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது தெரியாது. செய்பவர்தான் அதை யோசிக்க முடியும்.

1926 நவம்பர் 26 அன்று, லியேஜில் எஃப்.என். தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோதே மாரடைப்பு வந்தது. மகன் வாலின் அறையில் உயிர் பிரிந்தது. வயது 71. மேல்கீழாக இரட்டைக் குழல் வைத்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று அப்போது அவர் கைவசம் இருந்த வேலை. அவர் தொடங்கி வைத்த 9 மிமீ கைத்துப்பாக்கி ஒன்றை, எஃப்.என். பொறியாளர் டியூடோனே சேவ் பிறகு முடித்தார். அதன் வழிவந்ததுதான் மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாராகி, நம் ராணுவமும் போலீசும் பயன்படுத்திய 9 மிமீ பிஸ்டல். பந்தோபஸ்து நிற்கும் அதிகாரியின் இடுப்பில் அதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்டன் பட்டறை அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

சேகரிப்பவர்களும் தோட்டா செய்பவர்களும்

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். ஜானின் வேட்டை ரைஃபிள்கள் இன்று அமெரிக்காவில் பெரிய சேகரிப்புப் பொருட்கள். 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை அந்த நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். அதனால் வரிசை எண்ணை வைத்து வருஷம் கண்டுபிடிப்பது முதல் வேலை. வயோமிங் மாநிலம் கோடி நகர அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் அந்த ரைஃபிள் எந்தத் தோட்டாவுக்காக, எப்போது கிடங்கை விட்டுப் போனது என்று பதிவேட்டில் இருப்பதை எழுதிக் கொடுப்பார்கள்.

புதுசாகச் சேகரிக்க வருபவர் செய்யும் தப்பு, பழைய ரைஃபிளைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குவது. அப்படிச் செய்தால் மதிப்பு விழுந்துவிடும். தேய்ந்த நிறமும் கைபட்ட மரமும்தான் அதன் சான்றிதழ். 1964-ல் வின்செஸ்டர் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. அதனால் மாடல் 94-ல் 1964-க்கு முந்தையதற்கு இன்றும் தனி மரியாதை.

சுடணும் என்றால்தான் சிக்கல். தோட்டா என்பது நான்கு பாகம்: பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு. இதில் சுட்ட பிறகும் மிஞ்சுவது கூடு மட்டும். அதைப் பழைய அளவுக்குத் திரும்ப அழுத்தி, மற்ற மூன்றையும் புதுசாகப் போடுவதுதான் கையால் தோட்டா செய்வது. இன்றைய அமெரிக்கத் தொழில்தரப்படி .45-70-க்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு; .30-30-க்கு 42,000. ஏன் பெரிய தோட்டாவுக்குக் குறைந்த அழுத்தம்? கரிமருந்துக் காலத்து எஃகுத் துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால். தோட்டா செய்பவர்களுக்கான கையேடுகளில் .45-70-க்கு மட்டும் மூன்று தனிப் பட்டியல்கள் இருக்கும்: பழைய ராணுவ ரைஃபிளுக்கு ஒன்று, லீவர் ரைஃபிள்களுக்கு ஒன்று, நவீன ஒற்றைத்தோட்டா ரைஃபிளுக்கு ஒன்று. ஒரே கூடு, ஒரே குண்டு. மூன்றாவது பட்டியலை முதலாவதில் போட்டால் முகத்துக்கு நேரே எஃகு சிதறும். கரிமருந்து நிரப்பிய அளவுக்கே புகையில்லா மருந்தை நிரப்பினாலும் அதே கதிதான்.

அதோடு பழைய குழல்களின் விட்டம் காகிதத்தில் போட்டபடி இருப்பதில்லை. .38-55 இதில் பேர்போனது. ஒரு ரைஃபிளுக்கும் இன்னொன்றுக்கும் ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் வித்தியாசம் வரும். அதனால் மெதுவான ஈயத்துண்டைக் குழல் வழியாகத் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற குண்டை வார்த்துக்கொள்வார்கள். கூடு கிடைக்காவிட்டால் உறவுக்காரக் கூட்டிலிருந்து செய்வார்கள். .30-30-ன் கூடு .38-55-லிருந்து வந்தது, அதே.30-30 கூட்டின் கழுத்தை விரித்து .32-40 செய்கிறவர்கள் உண்டு. மெட்ராலஜி லேபில் நாம் மதிப்பெண்ணுக்காக அளப்பதை இவர்கள் தங்கள் கண்ணையும் விரலையும் காப்பாற்றிக்கொள்ள அளக்கிறார்கள்.

நம் நாட்டில் இதெல்லாம் ஆயுதச் சட்டத்துக்குள் வரும் விஷயம். உரிமம் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் கற்றுக்கொள்ள உரிமம் தேவையில்லை. ஜான் பிரவுனிங்கின் பழைய டிசைன்களான 1885, 1886, 1892 எல்லாம் இப்போது ஜப்பானில் மிரோகு என்ற கம்பெனியில் வின்செஸ்டர் பெயரிலேயே மறுபடி தயாராகின்றன. நவீன எஃகு, சிஎன்சி மெஷின், ஆனால் அதே இறங்கும் கட்டை, அதே இரட்டைத் தாழ்ப்பாள். வரைபடம்கூட இல்லாமல் ஆக்டனில் தகட்டில் வெட்டிய வடிவத்தில் மாற்றுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த தடவை ஏதாவது நிறுவனம் உங்கள் ஃபைனல் இயர் பிராஜெக்டை ஒரே தொகைக்கு எழுதிக் கேட்டால், கையெழுத்துப் போடும் முன் 1902-ல் பென்னட் அறையை விட்டு வெளியே வந்த அந்த 46 வயது மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முதல் தடவை கையெழுத்துப் போட்டதும் தப்பில்லை, கடைசித் தடவை மறுத்ததும் தப்பில்லை. இரண்டு தடவையும், தான் எதைக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.